படம் பார்க்காத வேலை

விநியோகஸ்தர் ஆபீசில் ரெப்பாக, அதாவது தியேட்டருக்கு அவர்கள் அனுப்பும் பிரதிநிதியாக, சேர்ந்தபோது அங்கிருந்த பெரியவர் ஒருவர் சொன்ன முதல் பாடம்: "தம்பி, நீ படம் பார்க்கப் போகல. திரைக்கு முதுகைக் காட்டி நில்லு. ஜனத்தைப் பாரு."

சினிமாப் பித்து பிடித்துத்தான் அந்த வேலைக்கே போனேன். சேலம் குகைப் பகுதியில் பிறந்து, பிரபாத், ஓரியண்டல் என்று பெஞ்ச் டிக்கெட்டில் வளர்ந்தவனுக்கு, தினமும் நாலு காட்சி தியேட்டரில் இருக்கச் சம்பளமும் பேட்டாவும் தருகிறார்கள் என்றால் கசக்குமா?

ரெப்பின் வேலை வசூலைக் கண்காணிப்பது. காட்சிக்கு முன்னால் ஒவ்வொரு வகுப்புக்கும் டிக்கெட் புத்தகத்தின் தொடக்க எண்ணைக் குறித்துக்கொள்வோம். கவுண்டர் மூடியதும் கடைசி எண். கழித்தால் விற்றது எத்தனை என்று தெரிந்துவிடும். அதை டிசிஆரில் (தினசரி வசூல் அறிக்கையில்) எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. காகிதத்தில் இவ்வளவுதான். ஆனால் கேட்டில் நிற்பவர் டிக்கெட்டைக் கிழிக்காமல் உள்ளங்கையில் மடக்கிக்கொண்டால், அதே டிக்கெட் பின்பக்கமாகக் கவுண்டருக்குப் போய் இன்னொருவர் கையில் விற்கும். எண் நகராது, ஆள் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருப்பார். அதனால் கேட்காரரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, விரலைப் பார்க்க வேண்டும். இடைவேளை முடிந்து விளக்கு அணைவதற்குள் தலை எண்ண வேண்டும். ஒரு தியேட்டரில் கணக்குக்கும் தலைக்கும் நாற்பது பேர் இடித்தது. மேனேஜர் அசரவில்லை. "எல்லாம் கைக்குழந்தைங்க சார்" என்றார்.

இந்த வேலையில் படம் பார்ப்பது போனது. ஆனால் சின்ன வயதில் புரியாத பல விஷயங்கள் ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தன.

ஒரு பாட்டு விவகாரம். மாமா பையன் மேட்னி பார்த்துவிட்டு வந்து இரண்டாம் பாதியில் ஒரு பாட்டு பிரமாதம் என்றான். அதே தியேட்டரில், அதே நாள், அப்பாவோடு செகண்ட் ஷோ போன நான் அப்படி ஒரு பாட்டே இல்லை என்றேன். சண்டை கைகலப்பு வரை போனது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படத்தை 1956-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ஊர் எங்களுடையது. ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவைப் பார்த்து வளர்ந்த பையன்களுக்கு சினிமா எங்கள் ஊர்ச் சரக்கு என்ற திமிர் உண்டு. அதில் போய் விட்டுக்கொடுப்பதா?

ரெப்பான பிறகு ஓர் ஆபரேட்டரின் கேபினில் இதற்கு விடை கிடைத்தது. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். நாலு நிமிஷப் பாட்டு என்றால் 360 அடி. செகண்ட் ஷோ முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கூட்டம் எழுந்து ஓடும் என்பதால், ராத்திரி அந்த 360 அடியைக் கழற்றி வைத்துவிடுவார். காலையில் மறுபடி ஒட்டுவார். பிளேடால் ஃபிலிமின் ஓரத்தைச் சுரண்டி, சிமென்ட் தடவி, அழுத்திப் பிடித்துக்கொண்டே என்னிடம் பேசினார்: "எந்தப் பாட்டுல எந்திரிச்சு பீடி குடிக்கப் போறாங்கன்னு எனக்குத் தெரியாதா? அதைத்தான் எடுப்பேன்." கத்தரிப்பதிலும் ஒரு ரசனை இருந்திருக்கிறது.

ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒன்றிரண்டு ஃபிரேம் போகும். பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் நாங்கள் காசு கொடுத்து வாங்கி, லென்ஸ் வைத்துச் சுவரில் பார்த்த ஃபிலிம் துண்டுகள் இப்படி உதிர்ந்தவைதான். டவுனில் ஓடித் தேய்ந்த பிரிண்ட் கிராமத்து டூரிங் கொட்டகைக்குப் போகும்போது வசனம் பாதியில் தாவுவதும் இதனால்தான். அடி அதிகம் படுவது ரீலின் தொடக்கமும் முடிவும். மாட்டும்போதும் கழற்றும்போதும் அங்கேதானே கை படுகிறது!

நடுப்படத்தில் திரை மங்கினால் "டேய் ஆபரேட்டர்!" என்று விசிலடித்தவர்களில் நானும் ஒருவன். உள்ளே புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சி எரிந்து குறையக் குறைய, இரண்டு முனைக்கும் நடுவே இடைவெளி மாறாமல் கையால் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று அப்போது யாருக்குத் தெரியும். சித்திரை வெயிலில் அந்தத் தகரக் கூரை அறையில் பத்து நிமிஷம் நின்று பார்த்தேன். சட்டை பிழிகிற மாதிரி ஆகிவிட்டது.

பழைய தியேட்டர் என்றதும் உருகுகிறவர்கள் இடைவேளையில் அந்தக் கழிப்பறைப் பக்கம் போகாதவர்களாகத்தான் இருக்க வேண்டும். மூட்டைப்பூச்சி தனிக்கதை. வாசலில் விற்ற தட்டுவடை செட்டுக்காக வேண்டுமானால் ஏங்கலாம், நியாயம்.

ஆடித் திருவிழாவில் குகையிலும் அம்மாபேட்டையிலும் சாமி வேஷம் கட்டி அலங்கார வண்டிகளில் வலம் வரும் வண்டி வேடிக்கை நடக்கும் நாட்களில்தான் எங்களுக்கு நிஜமான வேலை. வேடிக்கை பார்த்த கூட்டம் அப்படியே தியேட்டருக்குள் திரும்பும். தறிக்கார வீடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஒரு டிக்கெட்டுக்கு மடியில் ஒன்று, இடுப்பில் ஒன்று. அன்றைக்கு மட்டும் "கைக்குழந்தைங்க சார்" உண்மை.

இப்போது படம் டிஜிட்டலில் வருகிறது. எத்தனை காட்சி என்பதையும் பூட்டித்தான் அனுப்புகிறார்கள். பாட்டு நீளம் என்றால் எல்லோரும் உட்கார்ந்து முழுசாகப் பார்க்க வேண்டியதுதான். மாமா பையனிடம் அந்த 360 அடிக் கதையை விளக்கினேன். "அப்போ பாட்டு இருந்துச்சுல்ல?" என்கிறான்.