ரவுண்ட் கேள்வியில் நான் வழுக்கிய இடம்

காட்பாடியில் நடந்த ஒரு வளாக நேர்காணலில், பைத்தான் நிரல்மொழியில் எண்ணை முழுமையாக்கும் ரவுண்ட் ஃபங்ஷனுக்கு 2.5 கொடுத்தால் என்ன வரும் என்று கேட்டார்கள். 2 என்று சரியாகவே சொன்னேன். குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்யும் அப்பாவின் கணக்கு நோட்டில் ஐம்பது பைசா என்றால் மேலே ஏற்றி எழுதியே பழகிய எனக்கு அந்த விடை ஒரு காலத்தில் பிழையாகப் பட்டதுண்டு. எண் சரிநடுவில் நின்றால் பைத்தானின் மூன்றாம் பதிப்பு (பைத்தான் 3), அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்கே போகும், 3.5 என்றால் 4 தரும். 0.5, 1.5, 2.5, 3.5 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 8. இரட்டைப்படை விதிப்படி 0, 2, 2, 4 என்றாகி அதே 8 வருகிறது. அப்பாவின் முறையில் 10 ஆகிவிடும். அந்த விதி எதற்கு என்பது இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

அடுத்த கேள்வி, 2.675 ஐ இரண்டு தசம இடங்களுக்கு ரவுண்ட் செய்வது. 2.67 என்றேன், அதுவும் சரிதான். காரணம் கேட்டபோது, தயங்காமல் அதே இரட்டைப்படை விதியைச் சொன்னேன். நேர்காணல் செய்தவர் தாளில் 67, 68 என்று எழுதி, "இதுல எது இரட்டைப்படை, தம்பி?" என்று கேட்டார். நான் வாயடைத்துப் போனேன்.

வீடு திரும்பும் ரயிலிலேயே கைபேசியில் அந்த எண்ணைப் பைத்தானின் டெசிமலுக்கு (தசம எண்களை உள்ளபடியே வைக்கும் வகை) மாற்றிப் பார்த்தேன்: 2.67499999999999982 என்று நீண்டுகொண்டே போனது. பின்னமாக எழுதினால் 2.5 என்பது 5/2; பகுதி 2 என்பதால், கணினி எண்களைச் சேமிக்கும் பைனரியில் (இரண்டை அடியாகக் கொண்ட எண்முறை) அது துல்லியமாக அடங்கும். 2.675 என்பதோ 107/40. பகுதியில் 5 கலந்திருப்பதால் அது அடங்காமல், சற்றே குறைந்த எண்ணாகச் சேமிக்கப்படுகிறது. அது நடுவிலேயே நிற்கவில்லை என்னும்போது, இரட்டைப்படை விதிக்கு அங்கே வேலையே இல்லை.

இத்தகைய வினாக்களுக்குப் படிப்பவர்கள், நிரலை ஓட்டுவதற்கு முன்பே விடையையும் காரணத்தையும் தாளில் எழுதிவிட்டு, அந்தக் காரணத்தை வேறொரு எண்ணில் சோதிக்க வேண்டும். 0.125 நல்ல எண். 1/8 துல்லியமாக அடங்குவதால் அங்கே இரட்டைப்படை விதியே செயல்பட்டு 0.12 தரும். 1.005 இதற்கு உதவாது, ஏனெனில் இரட்டைப்படை விதி என்ற தவறான காரணம் சொன்னாலும் விடை (1.0) பொருந்திவிடும். (அவர் இதைக் கேட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்!) பழைய வினா வங்கிகளில் 2.5 க்கு 3.0 என்று விடை இருந்தால் குழம்ப வேண்டாம். அது பைத்தான் 2 காலத்து விடை.

அப்பாவின் பில்லுக்கு இப்போது நான் எழுதியிருக்கும் நிரலில், தொகையை ஃப்ளோட்டாக (பைனரியில் சேமிக்கப்படும் வழக்கமான எண் வகை) அல்லாமல் மேற்கோள் குறிக்குள் எழுத்துச் சரமாகவே டெசிமலுக்குக் கொடுத்து, பாதி வந்தால் மேலே ஏற்றும் விதியையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டிருக்கிறேன். நோட்டும் கணினியும் இப்போது ஒரே தொகையைத்தான் சொல்கின்றன.