நூலும் அட்டையும்

மார்ச் 4
வேலூர் ஆஸ்பத்திரியில் அப்பாவின் ரிப்போர்ட் நாளை மறுநாள்தானாம். காந்தி ரோட்டில் அதே லாட்ஜ். அப்பா கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டார்.

மார்ச் 5, காலை
ஸ்டீரியோ படம்: கண்ணுக்கு ஒன்றாக, பக்கவாட்டில் சற்றுத் தள்ளி எடுத்த இரண்டு படங்கள்; சேர்த்துப் பார்த்தால் ஆழம் தெரியும். எவ்வளவு தள்ளி? அருகில் உள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு லென்ஸ் இடைவெளி: இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிறார்கள். 35 மி.மீ. லென்ஸ், பின்னால் அடிவானம் வரை வெட்டவெளி என்றால் சரி. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் வெட்டவெளிக்கு எங்கே போவது? யாளித் தூண் 2 மீட்டரில், பின்தூண் 3 மீட்டரில். விதிப்படி 6.7 செ.மீ.; யாளி தட்டையாகத்தான் நிற்கும்.

பின்னணி இப்படி அருகில் இருந்தால் கணக்கு வேறு. இரண்டு தூரங்களையும் பெருக்கி, அவற்றின் வித்தியாசத்தால் வகுத்தால் 6 மீட்டர். அதை, 35 மி.மீ. பிலிமில் அருகுப் பொருளும் பின்னணியும் இரு படங்களுக்கிடையே இடம் மாறுவதில் அனுமதிக்கும் வித்தியாசமான 1.2 மி.மீ.ஆல் பெருக்கி, என் லென்ஸின் குவியத் தூரம் 50 மி.மீ.ஆல் வகுத்தால் 14.4 செ.மீ. இரு மடங்குக்கும் மேல்!

மடக்கை வட்டு, அதாவது லாகரிதம் அளவுகள் போட்டுச் சுழற்றிக் கணக்குப் பார்க்கும் வட்டு, பெருக்கும், வகுக்கும். கழிக்காது. அங்கேதான் இடிக்கிறது.

இரவு
தூக்கமில்லை. அக்கா போன் செய்தாள், எடுக்கவில்லை.

கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரே புள்ளியிலிருந்து மூன்று கோடுகள், அடுத்தடுத்த கோடுகளுக்கு நடுவே 60 பாகை. மூன்றிலும் சாதாரண அளவுகோல், மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். ஒரு ஓரக்கோட்டில் தொலைவு 3, நடுக்கோட்டில் அருகு 2. நூலை இழுத்துப் பிடித்தால் மறு ஓரக்கோட்டில் 6இல் வெட்டுகிறது. கழித்தலே இல்லை! பின்னணி அடிவானம் என்றால் நூலைத் தொலைவுக் கோட்டுக்கு இணையாகப் பிடித்தால் போதும். மீதிப் பெருக்கல், வகுத்தலுக்கு அட்டையின் பின்பக்கம் அந்த வட்டு, நடுவில் பிரஸ் பட்டன்.

அப்பா விழித்து, “எதற்குடா இந்நேரத்தில் நூல்?” என்றார். காட்டினேன். அவரே இழுத்துப் பார்த்தார். விரல் நடுங்கியதில் 6 என்பது 7 ஆனது. திருத்தவில்லை.

மார்ச் 6
டாக்டர் வரவில்லை. நாளையாம்.

3 மீட்டருக்கும் 3.2 மீட்டருக்கும் விடை 48 மீட்டர், அட்டையை விட்டு வெளியே ஓடுகிறது. எல்லாத் தூரங்களையும் பத்தால் வகுத்துப் போட்டு, விடையைப் பத்தால் பெருக்கலாம். ஆனால் 3 மில்லிமீட்டரையும் 3.2 மில்லிமீட்டரையும் எந்தக் கண் பிரித்துப் பார்க்கும்?

மார்ச் 7
அகழிக்கு இக்கரையிலிருந்து கோட்டைச் சுவர். அருகு 60 மீட்டர், பின்னால் வானம்: 1.44 மீட்டர் இடைவெளி. ஒரே கேமராவை நகர்த்தி எடுத்தால் அதற்குள் தண்ணீரின் அலை மாறிவிடும். கேமரா இரண்டு வேண்டும். மச்சானிடம் ஒன்று இருக்கிறது, கேட்கத்தான் மனம் வரவில்லை.

பதினொன்றரைக்குக் கூப்பிடுகிறார்கள்.