214-ஆவது வரி

ஏழு வருடம் நான் பார்த்த வேலையை வீட்டில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் "நாடுகளைப் பத்தி எழுதுறான்" என்பார் அம்மா. எழுதியது ரொம்பக் குறைவு. ஒரு பெரிய எக்ஸெல் கோப்பு, அதில் ஒவ்வொரு நாட்டுக் கட்சிக்கும் ஒரு வரி. பெயர், தொடங்கிய ஆண்டு, தலைவர், வகை, சட்ட நிலை, நாடாளுமன்ற இடங்கள். காசு கொடுத்து வாங்க வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ரஷ்ய எழுத்து கூட்டிப் படிக்கத் தெரியும் என்று பயோடேட்டாவில் போட்டிருந்தேன். அந்த வினையால் பழைய சோவியத் நாடுகள் மொத்தமும் என் தலையில் விழுந்தன.

214-ஆவது வரி, தஜிகிஸ்தான் இஸ்லாமிய மறுமலர்ச்சிக் கட்சி. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் 'வகை' கட்டத்தில் 'மத அடிப்படைவாதம்' என்றும், 'சட்ட நிலை'யில் 'அனுமதி உண்டு' என்றும் போட்டுவிட்டு, குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டுப் போயிருந்தார். "ரெண்டும் எப்படி மேடம் ஒண்ணா வரும்?" என்று டீம் லீடரிடம் கேட்டேன். "அது தெரியாமத்தான் உங்ககிட்ட கொடுத்திருக்கு," என்றார்.

தொடங்கிய ஆண்டிலேயே தகராறு. 1990 ஜூனில் வோல்கா நதிக்கரை அஸ்த்ரகானில் கூடி ஆரம்பித்தது சோவியத் ஒன்றியம் முழுமைக்குமான கட்சி. அதன் தலைவர் தாகெஸ்தானைச் சேர்ந்த மருத்துவர், அஹ்மத்காதி அக்தாயெவ். தஜிக் கிளைக்குக் கூட்டம் நடத்த அனுமதி கிடைக்காததால், அந்த அக்டோபரில் தலைநகர் துஷன்பேக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சட்டத்தை மீறிக் கூடினார்கள். பதிவு கிடைத்தது 1991 டிசம்பரில், ஒன்றியமே கலைந்துகொண்டிருந்த மாதத்தில். கட்சிக்காரர்களைக் கேட்டால், பின்னாளில் தலைவரான சையித் அப்துல்லோ நூரி இளைஞர்களை ரகசியமாகத் திரட்டிய 1973-இலிருந்தே கணக்கு வைப்பார்கள். கட்டத்தில் நான்கு இலக்கத்துக்கு மேல் ஏறாது. 1990 என்று போட்டேன். இன்றைக்கும் அது எனக்கு அரைமனதுதான்.

'வகை' கட்டம்தான் என்னை ரொம்ப நாள் இழுத்தடித்தது. 1992-இல் துஷன்பேயில் இரண்டு சதுக்கங்களில் இரண்டு கூட்டம். ஷஹீதானில் எதிர்க்கட்சிகள், ஓஸோதியில் அரசு ஆதரவாளர்கள். மே மாதம் அதிபர் நபியெவ் இறங்கிவந்து, அமைச்சரவையில் மூன்றில் ஒரு பங்கை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தார். மறுமலர்ச்சிக் கட்சியோடு ஜனநாயகக் கட்சியும் தேசியவாதிகளும் பாமிர் மலைக்காரர்களும் அந்தப் பக்கம் இருந்தார்கள். பாமிரிகள் பெரும்பாலும் இஸ்மாயிலி ஷியா பிரிவினர், கட்சியோ சுன்னி. அந்த ஆண்டே வெடித்த உள்நாட்டுப் போர் மதத்துக்காக மட்டும் நடந்த சண்டை என்றால் இந்தக் கூட்டணியே சேர்ந்திருக்காது.

ஒரு நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவை மூடக்கூட மறந்து வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொலைகள் மிக மோசமாக நடந்த இடம் மலை அல்ல, தெற்கே வக்ஷ் சமவெளி. சோவியத் காலத்தில் பருத்தி விளைவிக்க கர்ம் பள்ளத்தாக்கிலிருந்தும் பாமிரிலிருந்தும் ஆட்களை அங்கே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். பக்கத்துக் கூட்டுப்பண்ணையில் குலோப் ஊர்க்காரர்கள். நிலம், தண்ணீர், பண்ணைத் தலைவர் பதவி என்று பல வருடப் புகைச்சல். போர் வந்ததும் "நீ எந்த ஊர்?" என்ற கேள்விக்கான பதிலே உயிரை முடிவு செய்தது. கர்மிகள் கட்சியின் பக்கம், குலோபிகளும் வடக்கே குஜந்த்காரர்களும் எதிர்ப்பக்கம். 'வகை' கட்டத்தில் நான் போட்டது: 'இஸ்லாமியவாதம், வட்டாரச் சார்பு வலுவானது'. மேடம் இரண்டாம் பாதியை அடித்தார். நான் அதைக் குறிப்புக் கட்டத்தில் திருப்பி நுழைத்தேன்.

போரில் இறந்தவர் எண்ணிக்கைக்கும் ஒரே கட்டம். மதிப்பீடுகளோ 20,000 முதல் 1 லட்சத்துக்கும் மேல் வரை. நடுவில் ஒன்றைப் போடச் சொன்னார்கள். போடவில்லை, அந்த ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் 'வேகம் போதாது' என்று எழுதியிருந்தார்கள், அதுவும் பொய்யில்லை.

அப்புறம் ரஹ்மோனொவ் கதை. ஒரே ஆளுக்கு இரண்டு வரி இருந்தால் பிடிக்கும் புது மென்பொருள் ஒன்று வந்தது. அது தஜிகிஸ்தானுக்கு இரண்டு அதிபர்கள் என்று சிவப்பு காட்டியது. எமோமலி ரஹ்மோனொவ், எமோமலி ரஹ்மோன். 1992 நவம்பரில் குஜந்தில் கூடிய உச்ச சோவியத் (அன்றைய நாடாளுமன்றம்) தலைமைக்குக் கொண்டுவந்த அந்த ஒரே மனிதர்தான்; 2007-இல் பெயரின் ரஷ்ய வாலை வெட்டிவிட்டார். முதலாமவர் எங்கே போனார் என்று கேட்டு ஒரு வாடிக்கையாளர் மின்னஞ்சலே அனுப்பியிருந்தார்.

1993-இல் கட்சிக்குத் தடை, தலைவர்கள் ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும். பல சுற்றுப் பேச்சுக்குப் பிறகு 1997 ஜூன் 27 அன்று மாஸ்கோவில் ரஹ்மோனொவும் நூரியும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அரசுப் பதவிகளில் 30 சதவீதம் எதிரணிக்கு. 1999-இல் தடை நீங்கி, மத்திய ஆசியாவிலேயே சட்டப்படி இயங்கிய ஒரே இஸ்லாமியக் கட்சி ஆனது. எனக்கு முன்னால் இருந்தவர் 'அனுமதி உண்டு' என்று போட்டது சரிதான்.

ஆனால் இடங்கள் கட்டத்தைப் பாருங்கள். 2000-இல் 63-க்கு 2. 2005-இல் 2. 2010-இல் 2. அச்சடித்த மாதிரி. அந்த 30 சதவீதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே வந்தது. 2006-இல் நூரி இறந்தபின் தலைவரானவர் முஹித்தின் கபிரி. கோட்டு டை போட்டு, ஐரோப்பியத் தூதர்களோடு சகஜமாகப் பேசுபவர். கட்சிக்குள் தாடிக்காரப் பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்வார்கள்.

2015 மார்ச்சில் 2-ஐ அழித்து 0 போட்டேன். அதிகாரபூர்வ வாக்கு 1.6 சதவீதம், உள்ளே நுழையத் தேவையோ 5. ஆகஸ்டில் நீதி அமைச்சகம், போதுமான கிளைகள் இல்லை, மூடு என்றது. செப்டம்பர் 4-இல் பாதுகாப்புத் துணை அமைச்சர் நஸர்ஸோதாவின் ஆட்கள் ஆயுதக் கிடங்கைத் தாக்கியதாகச் செய்தி. அவர் சமாதானத்துக்குப் பின் ராணுவத்தில் சேர்க்கப்பட்ட பழைய எதிரணிக்காரர். ரோமித் பள்ளத்தாக்கில் அவரைக் கொன்றார்கள். பின்னால் இருந்தது கட்சிதான் என்றது அரசு. ஏற்கெனவே நாட்டை விட்டுப் போயிருந்த கபிரி மறுத்தார். செப்டம்பர் 29, உச்ச நீதிமன்றம்: பயங்கரவாத அமைப்பு.

அன்று ராத்திரி ஷிஃப்டில் நான்தான். 'சட்ட நிலை' கட்டத்தில் அம்புக்குறியை அழுத்தினால் கீழே ஒரு பட்டியல் திறக்கும். 'அனுமதி உண்டு', 'தடை', 'பயங்கரவாதப் பட்டியல்'. மூன்றாவதைச் சொடுக்கினேன். கட்டம் தானாகச் சிவப்பானது. பழைய நிலை எங்கேயும் மிஞ்சவில்லை; அந்தக் கோப்பு தேதி வைத்துக்கொள்ளாது. எட்டு மாதம் கழித்து இன்னொரு தாளில் வேலை வந்தது. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தாளில் நானே ஏற்றிய பெயர், சைதுமர் ஹுசைனி. 2016 ஜூனில் மூடிய விசாரணைக்குப் பிறகு கட்சியின் துணைத் தலைவர்களான அவருக்கும் மஹ்மதலி ஹயித்துக்கும் ஆயுள் தண்டனை. அதற்கு முந்தைய மாதம்தான், மதக் கட்சிகளுக்கு இடமில்லை என்று வாக்கெடுப்பு நடத்தி அரசியல் சாசனத்தையே திருத்தியிருந்தார்கள்.

வேலையை விட்டபோது, அடுத்து வந்த பையனுக்குக் கோப்பைக் காட்டிக்கொடுத்தேன். கடைசித் தாள் அரசு விடுமுறைகள். தஜிகிஸ்தானுக்கு நேரே ஜூன் 27, தேசிய ஒற்றுமை நாள்.

"இது என்ன சார், எதுக்கு லீவு?" என்றான்.

214-ஆவது வரியைத் திறக்கச் சொன்னேன்.