அந்த 'கிராண்ட்' வேறு

நம் வீடுகளில் 'கல்யாணம் கிராண்டா நடந்தது' என்றால் ஊரே கூடிச் சாப்பிட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். அதனால் அயர்லாந்தின் கார்க் நகரத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த எங்கள் மேலாளர் என் முதல் அறிக்கையைப் பார்த்து 'கிராண்ட்' என்றபோது, அன்று முழுக்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். அவர் ஊரில் அதற்கு 'சரி, பரவாயில்லை' என்றுதான் பொருள் என்பது பிறகுதான் புரிந்தது.

இன்னொரு நாள் உணவங்காடி நிலையத்துக்குக் கூப்பிட்டேன். 'ஐ'ம் ஆஃப்டர் ஹேவிங் மை லன்ச்' என்றார். அப்புறம் வருவார் போலிருக்கிறது என்று இருபது நிமிடம் காத்திருந்தேன், ஆனால் அவர் சொன்னது 'இப்போதுதான் சாப்பிட்டேன்' என்று. சற்றுமுன் முடிந்த செயலை ஐரிஷ் மொழியில் 'பிறகு' என்ற சொல்லை வைத்துத்தான் சொல்வார்களாம். அங்குள்ள மக்கள் ஆங்கிலத்துக்கு மாறியபோது சொற்கள் மாறின, பழைய வாக்கியம் அப்படியே தங்கிவிட்டது. நாம் 'ஈட் ஆல்ரெடி' என்கிறோமே, அதற்குள் சீனம் இருக்கிற மாதிரி. திட்டுவதை அவர்கள் 'கிவிங் அவுட்' என்பதும் இப்படி வந்ததுதான். அதனால் வட்டாரச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது, அடியில் ஓடுகிற தாய்மொழியைக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டால் பாதி தானாகவே பிடிபடுகிறது.

ஒருமுறை ஹில் ஸ்திரீட் வழியாக நடக்கும்போது ஆர்மீனியத் தேவாலயத்தைக் காட்டி, 'யர் மேன் கோல்மன் கட்டியது' என்றார். யாருடைய ஆள்? யாருடைய ஆளும் இல்லை, 'அந்த மனுஷன்' என்பதை அப்படித்தான் சொல்கிறார்கள். 1835இல் எழுந்த அந்தக் கட்டடத்தை வடிவமைத்த ஜார்ஜ் கோல்மன் அயர்லாந்தின் டிராஹடாவில் பிறந்தவர், பக்கத்துத் தெருவுக்கே அவர் பெயர்தான்.

கடினமானது தொனி. 'ஐ வில், யா' என்று இழுத்துச் சொன்னால் செய்யமாட்டேன் என்று பொருள், நம் ஊரில் 'ஆமா, செய்வாங்க' என்று இழுப்பதைப் போல. இதை எழுத்தில் படித்துக் கற்கவே முடியாது, ஆள் சொல்லக் காதால் கேட்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஐரிஷ் மொழியில் 'ஆம்', 'இல்லை' என்பதற்குத் தனிச்சொல் கிடையாது, கேட்ட வினைச்சொல்லையே திருப்பிச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில், 'மின்னஞ்சல் அனுப்பினீர்களா?' என்று ஆங்கிலத்தில் கேட்டால் 'யெஸ்' என்று நிறுத்தாமல் 'ஐ டிட்' என்கிறார். நாமும் 'அனுப்பினேன்' என்றுதானே சொல்வோம்! பலரைப் பார்த்துப் பேச 'யீ' என்று தனியாக ஒரு 'நீங்கள்' வேறு வைத்திருக்கிறார்கள், எவ்வளவு வசதி.

போன செவ்வாய்க்கிழமை நானும் என் தோழியும் மேசைக்குத் திரும்பியபோது, 'டிட் யீ ஈட்?' என்று கேட்டார். 'வீ டிட்' என்றேன்.