28ஆவது கேள்வி

இன்று புற்றுநோய்ப் பிரிவில் காத்திருந்தபோது அத்தையின் கையில் ஒரு டேப்லெட் கணினியைக் கொடுத்தார்கள். பசி, தூக்கம், வலி, மனச்சோர்வு என்று 30 கேள்விகள். 1993இல் வெளியான ஐரோப்பியக் கேள்வித்தாளின் தமிழ் வடிவம்.

மளமளவென்று தொட்டுக்கொண்டே போனவர் 28ஆவது கேள்வியில் நின்றார். நோயாலோ சிகிச்சையாலோ பணக் கஷ்டம் ஏற்பட்டதா?

மகன் பக்கத்தில் இல்லை என்று திரும்பிப் பார்த்து உறுதிசெய்துகொண்டார். பிறகு ‘மிக அதிகம்’ என்பதை அழுத்தினார்.

டாக்டர் கேட்டால் மட்டும் “நன்றாக இருக்கிறேன் ஐயா” என்பார். நம் வீட்டுப் பெண்கள் யார்தான் வேறு பதில் சொல்லியிருக்கிறார்கள்?

நியூயார்க்கில் 766 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. தொந்தரவுகளைக் கணினி வழியே அவ்வப்போது தெரிவித்தவர்களில் பாதிப் பேர் 31 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு அது 26 மாதங்கள். வலியோ வாந்தியோ கடுமையானதும் செவிலியருக்கு மின்னஞ்சல் போய்விடும். அவ்வளவுதான் ஏற்பாடு.

நம் அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் இது வரவேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கேள்விகள் குரலில் ஒலிக்கட்டும். ஆனால் அந்தப் பதில்களை அன்றைக்கே பார்த்து, நோயாளியை அழைத்துப் பேச ஒரு செவிலியர் வேண்டும். முதலில் அவரை நியமியுங்கள், டேப்லெட்டைப் பிறகு வாங்கலாம்.