சென்னையில் ஃபுட் டிரக்: வண்டி வாங்கும் முன் இடத்தைப் பிடியுங்கள்

சென்னையில் ஃபுட் டிரக் போட நினைப்பவர்கள் முதலில் செய்கிற வேலை, செகண்ட் ஹேண்டில் ஒரு குட்டியானை (டாடா ஏஸ் சிறு சரக்கு வண்டி) தேடுவது. அங்கேதான் பணம் முடங்குகிறது. வண்டி கடைசியில் வரட்டும். முதலில் நிற்க இடம், அடுத்து உணவுப் பாதுகாப்புப் பதிவு, அதன் பிறகு பாடியின் வரைபடமும் ஆர்.டி.ஓ. ஒப்புதலும், எல்லாம் முடிந்தபிறகே வெல்டிங் பட்டறை. இதைத் தலைகீழாகச் செய்தால் கட்டிய பாடியைப் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டிவரும். நாங்கள் அலைந்து முடித்த வழியில் எது எங்கே சிக்கும் என்பதை இங்கே எழுதுகிறோம்.

வண்டி ஒன்றுதான். ஆர்.டி.ஓ.வுக்கு அது மோட்டார் வாகனம். உணவுப் பாதுகாப்புத் துறைக்கு அது சமையற்கட்டு. மாநகராட்சிக்கு சாலையோரக் கடை. போக்குவரத்துக் காவலருக்கு வழியை மறித்து நிற்கும் வண்டி. நாலு பேரும் தங்கள் பங்குக்குக் காகிதம் கேட்பார்கள். ஒருவர் தந்த காகிதம் இன்னொருவரிடம் செல்லாது. "எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கே, ஏன் நிற்கக் கூடாது?" என்று கேட்பவர்கள் நிறைய. உணவுப் பாதுகாப்புப் பதிவில் கிடைக்கும் அந்த எண் சமைக்கலாம் என்று மட்டுமே சொல்கிறது. எந்தத் தெருவில் நிற்கலாம் என்பது அதில் கிடையாது.

தெருவில் நிற்பதைப் பற்றிய சட்டம், 2014-இல் வந்த சாலையோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம். ஒவ்வொரு உள்ளாட்சியிலும் நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும், அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுக்க வேண்டும், கணக்கில் வந்தவர்களுக்கு விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும் என்று அது சொல்கிறது. சான்றிதழில் ஒரே இடத்தில் விற்பவர் ஒரு வகை, நடமாடும் வியாபாரி ஒரு வகை. 'நடமாடும்' என்ற சொல்லைப் பார்த்ததும் நம் வண்டியைத்தான் சொல்கிறது என்று தோன்றும். அவசரப்படாமல் 5-ஆம் பிரிவைப் படியுங்கள். சான்றிதழ் வாங்குபவர் மூன்று உறுதிமொழி தர வேண்டும்: வியாபாரத்தைத் தானோ தன் குடும்பத்தாரோதான் நடத்துவார், அவருக்கு வேறு வாழ்வாதாரம் கிடையாது, சான்றிதழை யாருக்கும் மாற்றவோ வாடகைக்கு விடவோ மாட்டார். கம்பெனி வேலையில் இருந்துகொண்டு, சம்பளத்துக்கு மாஸ்டர் வைத்து, சில லட்சம் போட்டு வண்டி இறக்குபவர் இந்த மூன்றில் முதல் இரண்டிலேயே விழுந்துவிடுவார். புருஷன் பெண்டாட்டி இருவரும் நின்று, அதையே பிழைப்பாகக் கொண்டு நடத்தும் சின்ன வண்டி இதற்குள் வரும். வண்டிக்கு இன்ஜின் இருக்கிறதா என்பதல்ல, பிழைப்பு எது என்பதே கேள்வி.

ஃபுட் டிரக்கையும் இதே சட்டத்தில் சேர்த்துவிட்டால் என்ன என்று ஒரு வாதம் உண்டு. கூடாது என்பதே எங்கள் கருத்து. வியாபாரிகளின் எண்ணிக்கைக்கு இந்தச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு, அந்த வார்டு அல்லது மண்டலத்தின் மக்கள்தொகையில் 2.5 சதவீதம். அந்த வரம்புக்குள் முதலீடு உள்ளவர்கள் நுழைந்தால் வெளியே தள்ளப்படுவது, ஒரு அடுப்பும் ஒரு இட்லிக் கொப்பரையும் வைத்துப் பிழைக்கும் அக்காக்கள்தான். ஒரு டிரக் நின்றாலே நடைபாதை ஓரத்தில் பதினைந்து அடி போய்விடும். அந்தப் பதினைந்து அடியில் மூன்று தள்ளுவண்டி நிற்கும். டிரக்குகளுக்குத் தனி வகை வேண்டும்: மாநகராட்சியின் பார்க்கிங் இடங்களில் மாலை ஆறிலிருந்து பதினொன்று வரை என்று நேரம் குறித்து, கட்டணம் வாங்கிக்கொண்டு, எண்ணிட்ட கட்டம் போட்டுத் தர வேண்டும். கட்டணம் கட்ட யாரும் மறுக்கப் போவதில்லை. ரசீது கிடைக்காத இடத்தில்தான் மாமூல் நுழைகிறது.

ஹோட்டல்காரர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. வாடகை, சொத்து வரி, கழிவுநீர் இணைப்பு எல்லாவற்றுக்கும் பணம் கட்டி உட்கார்ந்திருக்கும்போது, வாசலுக்கு எதிரே ஒரு வண்டி நின்று அதே தோசையைக் குறைந்த விலைக்குப் போட்டால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அதற்குத் தூரக் கணக்கு மருந்தல்ல. அமெரிக்காவின் சிகாகோவில் உணவகத்திலிருந்து 200 அடிக்குள் டிரக் நிற்கக் கூடாது, வண்டியில் ஜி.பி.எஸ். கருவி இருக்க வேண்டும் என்று விதி. இலினாய் மாநில உச்ச நீதிமன்றம் 2019-இல் அதைச் செல்லும் என்றது. தி.நகரிலோ அடையாறிலோ எல்லா ஹோட்டலைச் சுற்றியும் 200 அடி வட்டம் போட்டுப் பாருங்கள், மிச்சம் இடமே இருக்காது. கேஸ், தண்ணீர், கழிவு, குப்பை, நிற்கும் நேரம் என இவற்றில் கறாராக இருப்பதே சரியான ஒழுங்குமுறை. போட்டியைத் தடுப்பது அரசாங்கத்தின் வேலையல்ல.

அந்தத் தனி வகை வரும்வரை டிரக்குக்குப் பாதுகாப்பான இடம் தனியார் நிலம்தான். பொதுவழியை மறித்ததற்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 283-இல் 200 ரூபாய் வரைதான் அபராதம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 285-இல் 5,000 ரூபாய் வரை போகலாம். ஐ.டி. வளாகம், அபார்ட்மென்ட், ஈ.சி.ஆர். ஓரத்துக் காலிமனை, கல்யாண மண்டபத்து முன்புறம் என்று தேடுங்கள். பெட்ரோல் பங்க் பக்கம் போகவே வேண்டாம், அங்கே தீயே பற்றவைக்க முடியாது. ஒப்பந்தத்தை முத்திரைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாடகையும் நேரமும் எழுதுபவர்கள் நான்கு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள்: 15 ஆம்பியர் பிளக் பாயின்ட், தண்ணீர் பிடிக்கும் குழாய், கழிவுநீர் கொட்டும் இடம், வேலையாட்களுக்குக் கழிப்பறை. நான்கும் தாளில் இல்லையென்றால் இரண்டாம் மாதம் சண்டை வரும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு இருப்பதிலேயே சுலபம். ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையப் போர்ட்டலில் படிவம் ஏ. 2011-ஆம் ஆண்டு விதிமுறை வகுத்த கணக்கில், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் என்றால் பதிவு, ஆண்டுக்கு 100 ரூபாய் என்று இருந்தது. அதற்கு மேல் என்றால் உரிமம். வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் நாளில் போர்ட்டல் காட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். தொழில் வகையில் நடமாடும் உணவு விற்பனை என்பதைத் தேர்வு செய்யுங்கள். சிக்கல் எங்கே என்றால், வீட்டில் மாவரைத்து, மசாலா தயாரித்து வண்டிக்குக் கொண்டுபோனால் வீடும் ஒரு உணவுத் தொழிலிடம். ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பதிவு வேண்டும். இதை மறைத்துவிட்டு ஆய்வில் மாட்டுபவர்கள் அதிகம். வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் மருத்துவச் சான்றிதழும், டைபாய்டு தடுப்பூசி போட்ட சீட்டும் வாங்கி வையுங்கள்.

இப்போது வண்டி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்று) உள்ள விவரம் மாறும்படி வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. சரக்கு வண்டி என்று பதிவான குட்டியானையில் பக்கத்தை அறுத்து ஜன்னல் வைத்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று) ஆய்வு நாளில் திருப்பி அனுப்புவார்கள். அதைவிட மோசம், தீ விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் "சரக்கு வண்டியில் அடுப்பு எதற்கு?" என்று கேட்டுக் கையை விரிக்க வழி கிடைத்துவிடும். நல்ல வழி, கேபினும் சேஸிஸும் (அடிச்சட்டம்) மட்டும் புதிதாக வாங்கி, பாடி விதிப்படி இருக்கிறது என்று சான்று சொல்லும் படிவம் 22-ஏ-வைப் பாடி கட்டுபவரிடம் வாங்கி, 'மொபைல் கேன்டீன்' என்ற வகையிலேயே பதிவு செய்வது. வண்டிப் பதிவுக்கான வாகன் போர்ட்டலில் அந்த வகை இருக்கிறது. பழைய வண்டிதான் என்றால் வெல்டிங்குக்கு முன்பே ஆர்.டி.ஓ.விடம் எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். கட்டிவிட்டுக் கேட்டால் கிடைப்பது கஷ்டம். கரூர், நாமக்கல் பக்கத்துப் பாடிப் பட்டறைகளுக்கு இந்தக் காகித வேலை பழக்கம்; உள்ளூர் வெல்டருக்கு அது இருக்காது.

வரைபடம் போடும்போது எடைக் கணக்கைப் போடாமல் விடுபவர்களே பெரும்பாலும். குட்டியானையின் தளம் ஏழடிக்குக் கொஞ்சம் மேல் நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். தாங்கும் சுமை 750 கிலோ அளவில். 8-க்கு 4 அடி, 1.2 மில்லிமீட்டர் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடு ஒன்று 28 கிலோ. நாலு பக்கம், கூரை, தரை என்று ஒற்றைத் தகடாக மூடவே ஏழு தகடு, கிட்டத்தட்ட 195 கிலோ. ஆங்கிள் சட்டம் ஒரு 60. மூன்றடிக்கு இரண்டடி, 12 மில்லிமீட்டர் தோசைக்கல் மட்டும் 52 கிலோ. நிரம்பிய இரண்டு 19 கிலோ சிலிண்டர், இரும்பின் எடையோடு 70-ஐத் தாண்டும். அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்திரம் 120. மாவும் சாமானும் 80. இதுவரை 577. இதன்மேல் 200 லிட்டர் தண்ணீர் ஏற்றினால் முடிந்தது, வரம்பைத் தாண்டியாகிவிட்டது. ஆகவே பயணத்தில் 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம், மீதியை நிற்கிற இடத்தில் பிடியுங்கள். விற்கும் ஜன்னல் இடது பக்கம்தான் வர வேண்டும், ஏனென்றால் நடைபாதை அந்தப் பக்கம். கல்லும் அடுப்பும் அதே பக்கம் வந்தால் வண்டி இடதுபுறம் சாயும். தண்ணீர்த் தொட்டியை வலது பக்கம் வையுங்கள். கழிவுநீர்த் தொட்டியும் அதே பக்கம் இருந்தால், நல்ல தண்ணீர் குறையக் குறையக் கழிவு நிறையும். எடை இடம் மாறாது. கழிவுத் தொட்டி நல்ல தண்ணீர்த் தொட்டியைவிட ஏழில் ஒரு பங்காவது பெரிதாக இருக்கட்டும். ஐஸும் மாவு கழுவிய நீரும் சேர்ந்து எப்போதும் வழிந்துவிடும்.

கேஸ் விஷயத்தில் எந்தச் சமரசமும் வேண்டாம். வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் வைப்பது குற்றம், 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். அது வண்டிக்குள் இருக்கக் கூடாது. வெளிப்புறம் திறக்கும் தனி அறையில், நிமிர்ந்து, சங்கிலியால் கட்டி நிற்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையில் தண்ணீர் போலத் தேங்கும். கூரையில் எக்ஸாஸ்ட் வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பது தவறு. சிலிண்டர் அறையிலும் சமைக்கும் பகுதியிலும் தரைமட்டத்தில் நான்கு அங்குல ஓட்டை போட்டு வலையடியுங்கள். ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸரும் இன்வெர்ட்டரும் தரையோடு இருந்தால், அவற்றிலிருந்து வரும் ஒரு பொறி போதும், தேங்கிய கேஸ் பற்றிக்கொள்ள. அவற்றை இரண்டடி உயரத்தில், அறையின் மறுகோடியில் வையுங்கள்.

உள்ளே ரப்பர் டியூப் ஓடக் கூடாது, இரும்புக் குழாய்தான். இரு முனையிலும் மட்டும் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட சுரக்ஷா டியூப் (உள்ளே கம்பி வைத்து வலுவூட்டிய கேஸ் டியூப்). சென்னை ஸ்பீடு பிரேக்கர்களில் ஏறி இறங்கும்போது நட்டு தளரும். கடையில் ஆண்டுக்கணக்கில் கசியாத இணைப்பு வண்டியில் மூன்று வாரத்தில் கசியும். தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீரில் அரை சாஷே ஷாம்பு கலக்கி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு நட்டிலும் தடவி, வால்வைத் திறந்து இருபது எண்ணுங்கள். கசிவு இருந்தால் நட்டின் கீழ் விளிம்பில் கடுகளவு ஒரு குமிழ் எழும்பும், மிளகளவு ஆகும், உடையும், அதே இடத்தில் திரும்ப எழும்பும். அந்த இணைப்பை முடுக்காமல் அன்று அடுப்பு பற்றவைக்கக் கூடாது. ஓட்டும்போது வால்வு மூடியே இருக்கட்டும்.

இரண்டு பெரிய பர்னரை ஒரே சிலிண்டரில் மணிக்கணக்கில் ஓட்டினால், கேஸ் பாதி இருக்கும்போதே சுடர் சுருங்கும், சிலிண்டர் வியர்த்து அடியில் உறைபனி கட்டும். பலர் வெந்நீர் ஊற்றுகிறார்கள், அது ஆபத்து. இரண்டு சிலிண்டரை, ஒரே குழாயில் சேர்க்கும் மேனிஃபோல்டில் இணைத்தால் பிரச்சினையே வராது. தீயணைப்பான் ஏ.பி.சி. பவுடர் 6 கிலோ, ஓட்டுநர் பக்கம் வெளியிலிருந்து எடுக்கும்படி. எண்ணெய் பற்றினால் மூடியைப் போட்டு மூடுங்கள், தண்ணீர் படவே கூடாது.

ஓட ஆரம்பித்த பிறகு ஆய்வுக்கு வருபவர் பார்ப்பது ஐந்தாறு விஷயம்தான். சூடாக இருக்க வேண்டியது 60 டிகிரிக்கு மேல், குளிராக இருக்க வேண்டியது 5 டிகிரிக்குக் கீழ். பொரித்த எண்ணெயில் துருவச் சேர்மம் (திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெய் கெட்டு உண்டாகும் பொருள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இது 2018 ஜூலை முதல் விதி. அளக்கும் கருவி இல்லாதவர் நுரை அடங்காமல் நின்றால் எண்ணெயை மாற்றிவிடலாம். நாளிதழில் பஜ்ஜி மடிப்பதும், 2019-இல் தடை வந்த பிளாஸ்டிக் தாளும் டம்ளரும் கண்டிப்பாக வேண்டாம். பாக்கு மட்டையும் வாழையிலையும் போதும். தேங்காய்ச் சட்னியை மொத்தமாக அரைத்துக் கொண்டுபோகாதீர்கள். துருவலைக் குளிரில் வைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அரையுங்கள். கழிவுநீரை மழைநீர் வடிகாலில் திறந்துவிடுபவர்களால்தான் எல்லா டிரக்குக்கும் கெட்ட பெயர்.

குடும்பமாக நின்று நடத்துபவர்கள் மட்டும் இன்னொன்று செய்யுங்கள். மண்டல அலுவலகத்தில் நகர விற்பனைக் குழுவுக்கு இரண்டு பிரதி மனு கொடுத்து, ஒன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். 2014 சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை இருக்கிற வியாபாரிகளை அகற்ற முடியாது. இடம் மாற்றுவதாக இருந்தால் 30 நாள் அறிவிப்பு தர வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் கையெழுத்திட்ட பட்டியல் தர வேண்டும். அழுகும் பொருளைக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். அந்த மனு நகலையும், இடத்தில் நின்றதைக் காட்டும் தேதியிட்ட படங்களையும், உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழ், ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ் நகல்களோடு ஒரே ஃபைலில் போட்டு ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் வையுங்கள். அடுப்புப் பக்கம் வைத்தால் ஆறு மாதத்தில் எண்ணெய்ப் பிசுக்கில் எழுத்து தெரியாமல் போய்விடும்.