குக்கர் 7 குறைவு, டிபன் கேரியர் 7 அதிகம்

மார்ச் 31 ராத்திரி பதினோரு மணி. கடைச் சரக்கை எண்ணி முடித்தோம். கம்ப்யூட்டர் இருப்பில் 5 லிட்டர் குக்கர் 19, அலமாரியில் 12. அண்டாவிலும் 4 குறைந்தது. மாமா வாய் திறக்கவில்லை. பதினோரு வருஷமாகக் கடையில் வேலை பார்க்கும் அண்ணனை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அண்ணன் அதைக் கவனித்துவிட்டார். கோளாறு நான் பார்த்த கணக்கில்தான் என்று தெரிய மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அவர் கடையில் டீகூடக் குடிக்கவில்லை.

கும்பகோணத்தில் எங்களுடையது எவர்சில்வர் பாத்திரக்கடை. முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணி, ஆரம்ப இருப்போடு கொள்முதலைக் கூட்டிக் கடைசி இருப்பைக் கழிப்பதோடு சரி. போன வருஷம்தான் ஒவ்வொரு பில்லிலும் இருப்பு ஏறி இறங்கும் தொடர் இருப்பு முறைக்கு மாறினோம். சாஃப்ட்வேர் போட்டது, பொருள் பெயர்களை ஏற்றியது எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது. அண்டா, தாம்பாளம் கிலோவில் வரும், எண்ணிக்கையில் போகும். அதற்கு ஒவ்வொன்றையும் எடை போட்டு அடக்க விலை கட்டினோம். அதுவும் பழகிவிட்டது.

சிக்கல் வந்தது சீர்வரிசையில். கல்யாணத்துக்கு மொத்தமாக வாங்கிப் போகிறவர்கள் ஒரு வாரம் கழித்து, "கேரியர் ரெண்டா வந்துடுச்சு, குக்கரா மாத்திக் குடுங்க" என்று வருவார்கள். கேரியர் 850, குக்கர் 1,450 (வரி தனி). கல்லாவில் இருக்கும் பையன் வித்தியாசம் 600-ஐ வாங்கி "இதர விற்பனை" என்று பில் போட்டுவிட்டான். தினமும் பார்த்து ஒப்புதல் கொடுத்தது நான். ராத்திரி கல்லா பைசா சுத்தமாக டேலி ஆகும். அதனால் சந்தேகமே வரவில்லை.

பணம் சரிதான், சரக்குதான் நகரவில்லை. திரும்பி வந்த கேரியர் இருப்பில் ஏறவில்லை, போன குக்கர் இறங்கவில்லை. செய்திருக்க வேண்டியது இது: கேரியருக்கு 850 விற்பனைத் திருப்பம் (விற்றது திரும்பி வந்ததாகப் பதிவு), கூடவே அதன் அடக்கம் 640 விற்ற சரக்கின் அடக்கத்திலிருந்து இருப்புக்குத் திரும்ப வேண்டும். பிறகு குக்கருக்குத் தனி பில்: விற்பனை 1,450, இருப்பிலிருந்து அடக்கம் 1,120 இறங்கும். நாங்கள் போட்ட விதத்தில் 600 ரூபாயும் லாபமாகத் தெரிந்தது. உண்மையில் அந்த மாற்றத்தில் கூடுதலாக வந்தது 120 மட்டுமே.

இதைக் கண்டுபிடித்தது மூன்றாம் நாள் மத்தியானம். அதுவரை குறைந்த பொருள்களை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டு அவற்றையே தேடிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் எண்ணிய தாளில் டிபன் கேரியர் வரி கண்ணில் பட்டது: கணக்கில் 8, கையில் 15. ஏழு அதிகம்! "இதர விற்பனை" பில்களைப் பிரித்துப் பார்த்தால், 600 ரூபாய் பில்கள் அச்சாக ஏழு. அழுகையே வந்துவிட்டது. தயவுசெய்து கேளுங்கள்: எண்ணிக்கை முடிந்ததும் குறைவை மட்டும் துரத்தாதீர்கள், அதிகமாக இருப்பதை முதலில் பாருங்கள்.

அண்டா வேறு கதை. லாரியில் நசுங்கி வந்த நான்கைச் சென்னை மொத்தக் கடைக்கே திருப்பி அனுப்பியிருந்தோம். டெபிட் நோட் (சரக்கைத் திருப்பியதற்கு நாங்கள் எழுதும் சீட்டு) போடவில்லை. மேஜை டிராயரின் அடியில் பார்சல் ஆபீஸ் ரசீது மட்டும் கிடந்தது. போன் செய்தால் அங்கே கணக்குப் பார்ப்பவர், "அப்படி எதுவும் வந்ததா பதிவே இல்லையேம்மா" என்றார். மூன்று தடவையும் அதே பதில். கடைசியில் ரசீதைப் படமெடுத்து அனுப்பியபிறகுதான் கிடங்கில் தேடிப் பார்த்துக் கிரெடிட் நோட் (அந்தத் தொகையைக் கழித்ததாக அவர்கள் தரும் சீட்டு) கொடுத்தார்கள். ஜிஎஸ்டியில் சரக்கு விற்ற நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 தாண்டினால் அந்த நோட்டை வைத்து அவர்களால் வரியைக் குறைத்துக் காட்ட முடியாது. பிறகு கேட்டாலும் வரி விஷயத்தில் பலனில்லை. சரக்கை ஏற்றும் அன்றே டெபிட் நோட் போட்டு நகலைப் பார்சலுக்குள் வையுங்கள்.

இன்னொன்று. எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் குக்கரைக் "காணாமல் போனது" என்று எழுதித் தள்ளிவிடலாம் என்றார்கள். சம்மதித்திருந்தால் ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவின்படி ஏழு குக்கருக்கும் எடுத்த உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கொடுத்து, பிறகு கழித்துக்கொண்ட வரி)த் திருப்பிக் கட்டியிருப்போம், காணாமலே போகாத பொருளுக்கு. உண்மையிலேயே காணாமல் போனது மூன்று டம்ளர்தான். அதற்கு மட்டும் எழுதி வரியைத் திருப்பினோம்.

தோண்டத் தோண்ட லாரி வாடகையும் அகப்பட்டது. 120 கிலோ சரக்குக்குக் கொடுத்த 1,800 ரூபாயைச் செலவில் எழுதியிருந்தேன். அது கிலோவுக்கு 15 ரூபாயாக அடக்கத்தில் ஏற வேண்டியது. கொள்முதல் பில் ஏற்றும் முன்பே விற்ற சில பொருள்கள் மைனஸ் இருப்பில், அடக்கம் பூஜ்யம் என்று நின்றன. இப்போது பில் ஏறாத மூட்டையை நான் பிரிக்க விடுவதில்லை.

நான்காம் நாள் காலை மாமாவே டீ வாங்கி வந்து அண்ணன் கையில் கொடுத்தார். "தப்பு எங்க மேலதான்பா" என்றார். அண்ணனிடம் நானும் மன்னிப்புக் கேட்டேன். அவர், "கணக்கு நேராச்சுல்லம்மா, விடுங்க" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறிப் போனார். இப்போது மாதக் கடைசியில் அவரும் நானும் சேர்ந்துதான் எண்ணுகிறோம். அவர் எண்ணிச் சொல்ல, நான் எழுதுகிறேன். போன மாதம் குக்கர் கணக்கில் 23, அலமாரியில் 23.